மீடியாஇன்ஃபோவில் பதில் காலியா வருதா? ஃபைலை குறை சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

டிவி சேனலுக்கோ, ஓடிடி தளத்துக்கோ ஒரு வீடியோவைக் கொடுக்கும்போது, 'ஃபிரேம் ரேட் 25, ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ்' என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று தப்பினாலும் ஃபைல் திரும்பி வரலாம். அனுப்புவதற்கு முன் சரிபார்க்க எடிட்டர்கள் பலரும் பயன்படுத்துவது, மீடியாஇன்ஃபோ என்ற இலவச டூல். வீடியோவை ஓட்டிப் பார்க்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

ஒன்றிரண்டு ஃபைல் என்றால் பிரச்சினை இல்லை. 200 ஃபைல்களை கமாண்ட் மூலம் மொத்தமாக சோதிக்கும்போதுதான் தலைவலி. சில கட்டங்கள் காலியாக வரும். 'ஃபைல்லயே அந்த விவரம் இல்ல போல'ன்னு ராத்திரி முழுக்க மறுபடி எக்ஸ்போர்ட் போட்டுவிடாதீங்க. தவறு நாம் கேட்ட பெயரிலேயே இருக்கலாம்.

இன்ஸ்டால் பண்ணியும் கமாண்ட் வேலை செய்யலையே?

மீடியாஇன்ஃபோவுக்கு இரண்டு முகம். ஒன்று, ஜன்னல் திறந்து விவரம் காட்டும் ஜியுஐ. இன்னொன்று, கமாண்ட் டைப் செய்து இயக்கும் சிஎல்ஐ. விண்டோஸில் இரண்டையும் தனித்தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும். ஜியுஐ-யை மட்டும் போட்டுவிட்டு கமாண்ட் டைப் செய்தால், 'அப்படி ஒரு கமாண்டே இல்லை' என்றுதான் பதில் வரும்.

சிஎல்ஐ ஜிப் ஃபைலை ஒரு ஃபோல்டரில் விரித்து, அந்த ஃபோல்டரை விண்டோஸின் 'பாத்' பட்டியலில் சேருங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். பழைய ஜன்னலுக்குப் புது 'பாத்' தெரியாது. உபுண்டுவில் 'மீடியாஇன்ஃபோ' என்ற பேக்கேஜ் சிஎல்ஐ. ஜியுஐ-க்கு வேறு பேக்கேஜ்.

திரையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

திரையில் 'பிட் ரேட்' என்று இரண்டு சொல்லாகத் தெரியும். ஆனால் கமாண்டில் இடைவெளி இல்லாமல் 'பிட்ரேட்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபிரேம் ரேட், சாம்ப்ளிங் ரேட் எல்லாமே இப்படித்தான். தப்பான பெயரைக் கேட்டால் டூல் எரர் காட்டாது. கமுக்கமாகக் காலி இடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆபத்தே இதுதான்.

சரியான பெயரை ஊகிக்க வேண்டாம். 'இன்ஃபோ-பாராமீட்டர்ஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் எல்லா ஃபீல்டு பெயர்களும் பட்டியலாக வரும். 'லாங்குவேஜ்' ஆப்ஷனுக்கு 'ரா' என்று கொடுத்தால், உங்கள் ஃபைலின் விவரங்களே உள் பெயர்களோடு தெரியும்.

மதிப்பும் மாறும். திரையில் '48.0 கிலோஹெர்ட்ஸ்' என்று இருப்பது கமாண்டில் 48000 என்று வரும். 2 நிமிடம் 5 விநாடி என்பது 125000 ஆகிவிடும். அது மில்லிவிநாடிக் கணக்கு.

எந்தப் பகுதியைக் கேட்கிறீங்க?

ஜெனரல், வீடியோ, ஆடியோ என்று விவரங்கள் பிரிந்திருக்கும். 'ஃபார்மேட்' என்ற ஒரே பெயருக்கு, ஒரே எம்பி4 ஃபைலில் ஜெனரல் பகுதி 'எம்பெக்-4' என்று சொல்லும். வீடியோ பகுதி 'ஏவிசி', ஆடியோ பகுதி 'ஏஏசி' என்று சொல்லலாம். ஜெனரல் பகுதியில் 'பிட்ரேட்' என்று கேட்டால் காலிதான். அங்கே அதன் பெயர் 'ஓவரால்பிட்ரேட்'.

கையால் டைப் செஞ்சா வருது, பேட்ச் ஃபைல்ல வரலையே?

கமாண்டில் ஃபீல்டு பெயரின் இருபுறமும் ஒரு சதவீதக் குறி போடுவோம். விண்டோஸ் பேட்ச் ஃபைல் அதைத் தன்னுடைய வேரியபிள் என்று நினைத்து விழுங்கிவிடும். பேட்ச் ஃபைலுக்குள் எழுதும்போது இருபுறமும் இரண்டிரண்டு சதவீதக் குறி போடுங்கள், அவ்வளவுதான்.

தேதியை நம்பலாமா?

காலை 10 மணிக்கு போனில் எடுத்த வீடியோவில் 'என்கோடட் டேட்' 4.30 என்று காட்டினால் பதற வேண்டாம். எம்பி4 ஃபைலில் நேரம் யுடிசி கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆனால் சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். அப்போதும் டூல் யுடிசி என்றே காட்டும். எடிட் செய்த ஃபைலில் இருப்பது எக்ஸ்போர்ட் ஆன நேரமாகவும் இருக்கலாம். ஆக, 'இந்த வீடியோ இத்தனை மணிக்கு எடுத்தது' என்று யார் மேலும் குற்றம் சொல்ல இந்த ஒரு வரி மட்டும் போதாது.

அப்போ என்ன செய்யலாம்?

200 ஃபைல்களை ஓட்டுவதற்கு முன், விவரம் தெரிந்த ஒரே ஒரு ஃபைலை எடுத்து கமாண்டை ஓட்டுங்கள். ஜியுஐ காட்டுவதும் கமாண்ட் சொல்வதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜியுஐ-யில் விவரம் இருந்து கமாண்டில் காலி என்றால் பெயரையோ, பகுதியையோ, சதவீதக் குறியையோ திருத்துங்கள். இரண்டிலுமே இல்லை என்றால் மட்டும் ஃபைலைச் சந்தேகப்படுங்கள்.