95ஆ, 98ஆ? விலை கூடிய பெட்ரோல் உண்மையிலேயே தேவையா?

(உயர்நிலை மாணவர்களின் வாய்மொழித் தேர்வு, கருத்து விளக்கக் கட்டுரை ஆகியவற்றுக்கான துணைக் கட்டுரை. ஆசிரியர்கள் வகுப்பறைக் கலந்துரையாடலுக்கும் பயன்படுத்தலாம்.)

சிங்கப்பூர்ப் பெட்ரோல் நிலையங்களில் 92, 95, 98 என்ற எண்களைப் பார்த்திருப்போம். 98-க்கு மேல் இன்னும் விலை கூடிய ஒரு வகையும் சில நிலையங்களில் இருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். "விலை கூடினா தரமும் கூடத்தானே செய்யும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அரிசிக்கும் துணிக்கும் அது ஓரளவு பொருந்தலாம். பெட்ரோலுக்குப் பொருந்துமா? இதற்கு விடை காண அறிவியலும் கொஞ்சம் வேண்டும், கணக்கும் கொஞ்சம் வேண்டும். சொற்களைக் கவனமாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் வெப்பம் உண்டாகும். கார் எஞ்சினுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எஞ்சின் அழுத்துகிறது. சரியான நேரத்தில் தீப்பொறி அதைப் பற்றவைக்க வேண்டும். ஆனால் வெப்பமும் அழுத்தமும் அளவு மீறினால், தீச்சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். அப்போது "டக் டக்" என்று உலோகத்தைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "எஞ்சின் தட்டுது" என்கிறார்கள். இது தொடர்ந்தால் எஞ்சின் பழுதடையும்.

இந்தத் தட்டலைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, ஹெப்டேன் என்ற பொருளுக்கு 0 என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 95 பெட்ரோல் என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்கும் அளவுக்கு அது தாங்கும் என்று பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் அன்று. 98-இல் 95-ஐவிட அதிக ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் பொறுமைதான் அதற்குக் கூடுதலாக இருக்கிறது.

நம் வண்டி எதைக் கேட்கிறது?

அந்தப் பொறுமை எல்லா வண்டிக்கும் தேவைப்படாது. டர்போ பொருத்தியவை, அழுத்த விகிதம் அதிகம் உள்ளவை, வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை ஆகிய எஞ்சின்களுக்கு 98 தேவைப்படலாம். குடும்பங்கள் ஓட்டும் சாதாரணக் கார்களில் பலவற்றுக்கு 95 போதும். சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு 92-ஏ போதும்.

எது தேவை என்பதை வாகனக் கையேட்டிலோ எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறத்திலோ எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கும்போது இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். "குறைந்தபட்சம் 98 தேவை" என்றிருந்தால் அது கட்டளை. "98 பரிந்துரைக்கப்படுகிறது" என்றிருந்தால் அது ஆலோசனை. முதலாவதை மீறினால் எஞ்சினுக்கு ஆபத்து. இரண்டாவதில் 95 ஊற்றினாலும் வண்டி ஓடும், உச்ச வேகத்தில் சற்றுத் திறன் குறையலாம்.

முன்பு கார்புரேட்டர் கொண்ட பழைய கார்களில் தட்டலைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. தட்டல் சத்தம் கேட்டால் உயர்ந்த ரகத்துக்கு மாறுவது அப்போது நியாயமான யோசனைதான். இன்றைய கார்களில் அதற்கென்றே உணர்கருவி இருக்கிறது. தட்டல் தொடங்கியதும் தீப்பொறி விழும் நேரத்தைக் கணினி மாற்றிவிடும். ஆகவே 95-க்கென்று வடிவமைத்த காரில் 98 ஊற்றினால், பயன்படுத்திக்கொள்ள வழியில்லாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

விலைக்குள் என்ன இருக்கிறது?

விலை வேறுபாடு முழுவதும் தர வேறுபாடு என்று நினைப்பது தவறு. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் பெட்ரோல் தீர்வை உயர்த்தப்பட்டது. 98-க்கும் அதற்கு மேற்பட்ட ரகங்களுக்கும் லிட்டருக்கு 79 காசு. 92, 95 ரகங்களுக்கு 66 காசு. அதாவது 98 ஊற்றும்போது லிட்டருக்கு 13 காசு கூடுதலாகத் தீர்வைக்கே போய்விடுகிறது. அதற்கு மேல் பொருள் சேவை வரியும் உண்டு.

பெயரிலும் குழப்பம் இருக்கிறது. தீர்வைக் கணக்கில் "பிரீமியம்" என்றால் 98-உம் அதற்கு மேலும். ஆனால் கால்டெக்ஸ் நிறுவனம் தன் 95-ஐத்தான் "பிரீமியம் 95" என்று அழைக்கிறது, அதன் 98-க்குப் பெயர் "பிளாட்டினம்". பெயர் பளபளப்பாக இருக்கலாம், நாம் பார்க்க வேண்டியது எண்ணை.

பேச்சுத் தமிழில் ஓர் உரையாடல்

தனியார் வாடகைக் கார் ஓட்டும் மாமாவும், உயர்நிலை நான்கில் படிக்கும் அக்கா மகளும் தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறார்கள். (கற்பனை உரையாடல். விலைகளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.)

"மாமா, நீங்க எப்பவும் 98 தான் ஊத்துவீங்களா?"

"ஆமாம்மா. இதுதான் நமக்குச் சோறு போடுற வண்டி. நல்ல எண்ணெய் ஊத்துனாதானே ரொம்ப நாளைக்கு உழைக்கும்?"

"மூடியில '95'னுதானே போட்டிருக்கு!"

"அது குறைஞ்ச அளவு. அதுக்கு மேல ஊத்துனா தப்பா?"

"தப்பு இல்ல மாமா, செலவுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"

"ஒரு 200 கிலோமீட்டர். மாசத்துல 25 நாள்."

"அப்போ 5,000 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர்னா, மாசம் 350 லிட்டர். லிட்டருக்கு 50 காசு கூட கொடுத்தா 175 வெள்ளி. வருஷத்துக்கு 2,100 வெள்ளி மாமா!"

"அடேயப்பா! ஆனா கார்டுல எனக்கு 20 விழுக்காடு கழிவு கிடைக்குதே. 98-ல கழிவும் கூட வருது."

"3 வெள்ளி 30 காசுல 66 காசு குறையும், சரி. ஆனா 2 வெள்ளி 80 காசு 95-லயும் 56 காசு குறையுமே. கழிச்ச பிறகும் 98-க்கு லிட்டருக்கு 40 காசு கூடத்தானே கொடுக்குறீங்க?"

மாமாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆனால் அந்தக் கூடுதல் பணத்தில் எண்ணெய் மாற்றுவது, டயர், பிரேக் என்று வண்டிக்கு உண்மையிலேயே தேவையான பராமரிப்பைச் செய்யலாம்.

"மைலேஜ் கூடுமே!" என்பவர்களுக்கு

2 வெள்ளி 80 காசிலிருந்து 3 வெள்ளி 30 காசுக்குப் போனால், ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல். செலவை ஈடுகட்ட ஒரு லிட்டரில் ஓடும் தூரமும் 18 விழுக்காடு கூட வேண்டும். அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2016-இல் சாதாரண பெட்ரோலுக்கென்று வடிவமைத்த கார்களில் உயர்ந்த ரகத்தைச் சோதித்தது. குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்பதே முடிவு. 2017-இல் உயர்ந்த ரகம் "பரிந்துரைக்கப்பட்ட" கார்களைச் சோதித்தபோது, எரிபொருள் சிக்கனம் சராசரியாக 2.7 விழுக்காடு மட்டுமே கூடியது. 18 எங்கே, 2.7 எங்கே!

இணையத்தில் தேடும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 87 என்று போட்டிருப்பது நம் கணக்கில் சுமார் 91, 92. அங்கே இரண்டு சோதனை முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். எண்ணை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் கட்டுரையில் தவறு நேரும்.

சுத்தம் செய்யும் கலவைகள்

விலை கூடிய ரகங்களுக்கு இன்னொரு வாதமும் உண்டு. எஞ்சினில் படியும் கரியைக் குறைக்க அவற்றில் சுத்திகரிப்புக் கலவைகள் கூடுதலாகச் சேர்க்கப்படுவதாகச் சொல்கிறார்கள். இது பொய் இல்லை. ஆனால் சுத்திகரிப்புக் கலவை ஆக்டேன் எண்ணோடு தொடர்பில்லாத தனி விஷயம். எடுத்துக்காட்டாக, கால்டெக்ஸ் தன் டெக்ரான் கலவையை 92, 95 ரகங்களிலும் சேர்க்கிறது. மேலும், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய வகை எஞ்சின்களில், உள்ளிழுக்கும் வால்வுகள் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. எனவே அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோலாலும் கழுவ முடியாது.

கடற்பாலத்துக்கு அப்பால்

ஜோகூர் போகிறவர்களுக்கு 95-ஆ 98-ஆ என்ற கேள்வியே எழாது. மலேசியாவில் 95 ரகம் மானிய விலையில் விற்கப்படுவதால், 2010 முதல் வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கு அதை விற்கத் தடை. நம்மவர்கள் 97 ஊற்றுகிறார்கள். 95 போதும் என்ற காருக்கு 97 தாராளமாகப் பொருந்தும். ஆனால் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போதே தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்ற விதியை மறக்கக் கூடாது.

முடிவாக

கையேடு 98 தேவை என்றால் 98 ஊற்றுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பரிந்துரை மட்டும் என்றால் உங்கள் தேவையையும் பணப்பையையும் பார்த்து முடிவெடுங்கள். 95 போதும் என்றால் 95-ஏ போதும். வண்டி வழக்கத்துக்கு மாறாகத் தட்டினால், ரகத்தை மாற்றும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரே ரகத்துக்கு எங்கே விலை குறைவு என்று பார்க்க, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020-இல் தொடங்கிய 'ஃபியூவல் காக்கி' இணையத்தளம் உதவும்.

வகுப்பறையில் பேசுவோம்

1. "விலை அதிகமுள்ள பொருளே தரமான பொருள்." இக்கருத்தை ஏற்கிறீர்களா? பெட்ரோல் தவிர வேறு இரண்டு பொருள்களை எடுத்துக்காட்டி விளக்குக.

2. உரையாடலில் மாமாவின் மனத்தை மாற்றக்கூடியது எது: அறிவியல் விளக்கமா, கணக்கா? ஏன்?

3. உரையாடலின் கடைசி நான்கு கூற்றுகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதுக. (எ-டு: ஊத்துனாதானே – ஊற்றினால்தானே)

சொற்பொருள்: தீர்வை – குறிப்பிட்ட பொருள்களுக்கு அரசாங்கம் விதிக்கும் வரி. பயனீட்டாளர் – பொருளையோ சேவையையோ வாங்கிப் பயன்படுத்துபவர். பரிந்துரை – நல்லது என்று கூறும் ஆலோசனை, கட்டாயம் அன்று. கழிவு – விலையில் செய்யும் குறைப்பு.