சூரியனில் புள்ளி, பூமியில் புயல்!



புயல் என்றதும் நமக்கு வங்கக்கடல்தான் ஞாபகம் வரும். ஆனா காற்றும் மழையும் இல்லாத ஒரு புயல் இருக்கு தெரியுமா? அதன் பெயர் காந்தப் புயல். அது சூரியனிலிருந்து வருகிறது!

சூரியன் முகத்தில் சில சமயம் கரும்புள்ளிகள் தோன்றும். அங்கே காந்த சக்தி மிக அதிகம். அது உள்ளேயிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பதால் அந்த இடம் மட்டும் சூடு குறைந்து கருப்பாகத் தெரிகிறது. ஜெர்மனியில் ஷ்வாபே என்ற மருந்துக்கடைக்காரர் 1826 முதல் 17 வருஷம் இந்தப் புள்ளிகளைப் பொறுமையாக எண்ணினார். அவை கூடுவதும் குறைவதும் ஒரு சுழற்சி என்று கண்டுபிடித்தார். அது சராசரியாக 11 ஆண்டுகள். 1852-இல் சபைன் என்பவர், புள்ளிகள் கூடும் காலத்தில்தான் பூமியில் காந்த ஊசியும் அதிகம் தடுமாறுகிறது என்று சொன்னார்.

ஏன் அப்படி? புள்ளிகள் நிறைய இருந்தால் சூரியனில் வெடிப்புகளும் நிறைய. மின்னேற்றம் உள்ள வாயு, காந்தப்புலத்தோடு சேர்ந்து வெளியே வீசப்படும். பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். நம்ம பூமியும் ஒரு காந்தம்தானே! அதன் காந்தப்புலம் கேடயம் மாதிரி தடுக்கும். ஆனால் வருகிற காந்தப்புலத்தின் திசை பூமியின் திசைக்கு எதிராக இருந்தால் இரண்டும் இணைந்துவிடும். கதவு திறந்த மாதிரி சக்தி உள்ளே வந்துவிடும்.

சைக்கிள் டைனமோவில் காந்தம் சுற்றினால் கம்பியில் மின்சாரம் பிறக்குது இல்லையா? அதேபோல் பூமியின் காந்தப்புலம் ஆடினால் நீளமான மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் பாயும். 1859 செப்டம்பரில் தந்தி இயந்திரங்களில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். 2024 மே மாதம் வந்த பெரிய புயலின்போது நம் நாட்டின் லடாக் வானமே சிவந்தது!

2024 அக்டோபரில் 25-ஆவது சுழற்சி உச்சத்தைத் தொட்டது. உச்சம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்று நினைக்காதீங்க. புள்ளிகள் குறையும் ஆண்டுகளிலும் புயல் வரும். 2003 அக்டோபரில் வந்த பெரிய புயல் அப்படிப்பட்டதுதான்.

"இன்னைக்கு ராத்திரி சூரியக் கதிர் வருது, செல்போனை அணைச்சு தூர வைங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பயப்படாதீங்க. தரையில் இருக்கும் நம்மைக் காற்று மண்டலமும் காந்தப்புலமும் காப்பாற்றும். பாதிப்பு செயற்கைக்கோளுக்கும் ரேடியோவுக்கும் மின்கம்பிக்கும்தான். முன்கூட்டியே தெரிந்தால் அவற்றையும் காப்பாற்றலாம். அதற்காகத்தான் கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். 2023-இல் நாம் அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலமும் சூரியனைக் கவனிக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம்: புள்ளி தெரியுதான்னு சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதீங்க! கண் போய்விடும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி