பாவுப் பின்னலில் நூலின் இழுவிசை

நுளம்பு வலையொன்றை விளக்கின் முன்னே விரித்துப் பிடித்துப் பார்த்தால் அதன் கண்கள் யாவும் ஓரளவினவாய் நிரைநிரையாக நிற்பதைக் காணலாம். சில வலைகளில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். அக்கோட்டிலுள்ள கண்கள் அயற்கண்களிலும் பெரியனவாகவோ சிறியனவாகவோ இருக்கும். அது கிழிசலுமன்று, தைத்த தழும்புமன்று. வலையைப் பின்னிய இயந்திரத்தில் ஓரிழை தன் அயலிழைகளிலும் சற்றே இறுகியோ தளர்ந்தோ ஓடியதன் அடையாளமே அது.

பொலியெஸ்டர் நூலாற் செய்யப்படும் நுளம்பு வலைகள் பாவுப் பின்னல் இயந்திரங்களிலே உருவாகின்றன. சதுர அங்குலத்திற்கு 156 கண்கள் என்பது அவற்றுட் பரவலாக வழங்கும் ஓர் அளவு. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுரைத்தது. அந்நிலையை எய்துவதற்குத் துணைநின்றவற்றுள் மருந்தூட்டிய வலையும் ஒன்றாகும். நுளம்புக்கு ஒரு கண் போதும். ஆகையால் அக்கண்ணின் அளவைக் காப்பது எது என்ற வினா, தொழிற்சாலைக்குள் மட்டும் அடங்கிவிடும் வினாவன்று.

நெசவைப் பற்றி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நெடுக்கே ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் மேலுங்கீழுமாகக் கோத்துச் சீலையாகின்றன. பின்னலில் நூல் வளைந்து கண்ணியாகி, அக்கண்ணியினூடே அடுத்த கண்ணி புகுகிறது. கையாற் பின்னும் கம்பளிச் சட்டையிலும், ஆடவர் அணியும் பனியனிலும், ஒரே நூல் குறுக்காகச் சென்று வரிவரியாகக் கண்ணிகளை இடுகின்றது. பாவுப் பின்னலின் வழி வேறு. அங்கே ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனியே ஓர் இழை உண்டு. இழைகள் யாவும் நெசவுப் பாவைப்போல ஒரு பெரிய உருளையிலிருந்து நெடுக்காக இறங்கி வருகின்றன. ஒவ்வோர் இழையும் ஓர் ஊசியிற் கண்ணியிட்டு, உடனே பக்கத்து ஊசிக்கு நகர்ந்து அங்கும் கண்ணியிட்டு, இவ்வாறு பக்கத்து நிரைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. பனியனில் ஓரிழை அறுந்தால் ஏணிபோற் பிரிந்து ஓடும். பாவுப் பின்னற் சீலை அவ்வாறு எளிதிற் பிரிவதில்லை. வலை, சன்னற்றிரை, உள்ளாடை, நீச்சலுடை, குடலிறக்க நோயாளரின் வயிற்றுச் சுவரிலே மருத்துவர் வைத்துத் தைக்கும் மெல்லிய வலை ஆகிய யாவற்றிற்கும் இம்முறை கைகொடுப்பது இக்குணத்தினாலேயாம்.

இயந்திரப் பின்னலின் தொடக்கம் இங்கிலாந்தின் நொற்றிங்காம் பகுதியில். 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்னும் பாதிரியார் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். அதில் ஓடியது குறுக்கு நூலே. பாவு இழையைக் கொண்டு பின்னும் பொறி 1775ஆம் ஆண்டளவில், கிரேன் என்பவரால் அமைக்கப்பட்டதென வரலாறு எழுதுவோர் பொதுவாகக் கூறுவர். பிற்காலத்தில் ஜேர்மனியின் அப்போல்டா நகரிற் செய்யப்பட்ட ஒருவகைப் பாவுப் பின்னல் இயந்திரத்திற்கு றஷல் என்ற பெயர் வழங்கலாயிற்று. பாரிசு நகரின் நாடக மேடையிற் புகழ்பெற்ற றாஷேல் என்னும் நடிகையின் பெயர் அது. இரும்பினாற் செய்த இத்துணைப் பெரிய பொறிக்கு ஒரு நடிகையின் பெயர் வாய்த்தது சற்று வியப்பே. மெல்லிய சீலைகளைப் பின்னும் மற்றொருவகை திறிக்கோ எனப்படும்.

இனி இழுவிசைக்கு வருவோம். திறிக்கோ இயந்திரம் ஒன்றில் அங்குலத்திற்கு 28 ஊசிகள் நிற்கின்றனவென்று கொள்க. 84 அங்குல அகலத்திற்கு 2352 ஊசிகள். இழைகளை ஊசிக்குச் செலுத்தும் துளைத்தகடுகள் ஒரு நீண்ட சட்டத்திற் பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலான சீலைகளுக்கு அத்தகைய சட்டம் இரண்டாவது வேண்டும். எனவே 4704 இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் மீதும் உள்ள இழுவிசை ஒரு சில கிராம் எடைக்கு ஒப்பானது. அது மிகுந்தால் கண்ணி சிறுக்கும், சீலை ஒடுங்கும், இழை அறும். குறைந்தால் இழை ஊசியின் கொக்கியிற் படியாது நழுவும். அல்லது முறுகி அயலிழையோடு சிக்கும். நான்காயிரத்து எழுநூறு இழைகளுள் ஒன்று பிழைத்தாலும் சீலையின் நெடுகிலும் அதன் கோடு தெரியும்.

யாழ்ப்பாணத்திலே தைப்பொங்கற் காலத்தில் பட்டம் ஏற்றும் சிறுவனை நினைத்துக்கொண்டால் இப்பொருளில் பாதி விளங்கிவிடும். நூல் சுற்றிய கட்டை பருத்திருக்கும்பொழுது ஒரு சுற்று அவிழ்த்தால் மிகுந்த நூல் வெளியே செல்லும். நூல் தீரத் தீரக் கட்டை மெலியும். அதே ஒரு சுற்றுக்குச் சிறிதளவு நூலே போகும். பட்டம் கேட்கும் நூலைக் குறைவின்றிக் கொடுக்க வேண்டுமாயின் சிறுவன் கட்டையை வரவர விரைவாகச் சுழற்ற வேண்டும். பாவுருளையின் சிக்கலும் இதுவே. நிறைந்த உருளையின் பரிதி 150 சதமமீற்றர் எனவும், நூல் தீரும் தறுவாயில் 50 சதமமீற்றர் எனவும் கொள்வோம். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைத்த நூல் முடிவில் மூன்று சுற்றுக்கே கிடைக்கும்.

பழைய இயந்திரங்களில் உருளையைச் சுழற்றுவதற்கென ஒரு பொறியும் இருக்கவில்லை. ஊசிகள் இழுக்கும் இழுப்பிலேயே உருளை சுழலும். அது கட்டுக்கடங்காமல் ஓடிவிடாதபடி ஒரு கயிற்றைச் சுற்றி, எடையைத் தொங்கவிட்டுத் தடுத்தனர். கைத்தறியிற் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மெதுவாக ஓடும் பொறிக்கு இது போதியதே. ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. தடையின் அளவு மாறாதிருக்க, உருளையின் ஆரை குறைந்துகொண்டே போகின்றது. அதே தடையை வெல்வதற்குக் குறுகிய ஆரையில் மிகுந்த விசை வேண்டும். ஆரை மூன்றிலொன்றாகும்போது இழையின் மீதுள்ள இழுவிசை மும்மடங்காகிவிடும். ஆகையால் தொழிலாளி அவ்வப்போது எடையைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மறந்த நேரத்தில் பின்னிய சீலை இறுகியிருக்கும். நினைவுகூர்ந்து குறைத்த இடத்தில் சட்டெனத் தளரும். பரிதியும் ஆரையும் பரீட்சைக்கு மட்டுமே உரியன என எண்ணும் மாணவர் இவ்விடத்தைச் சற்றே கவனிப்பது நன்று.

இதற்குக் கண்ட மாற்றுவழி, எண்ணிப் பார்த்தால், மிகவும் எளியது, கண்டறிந்தவர்களுக்கு எளிதாயிருந்திராது. இழுவிசையை நேரே பிடித்து நிறுத்த முயல்வதை விடுத்து, நூலின் நீளத்தை அளந்து கொடுப்பதே அவ்வழி. கண்ணி ஒன்றுக்கு எவ்வளவு நூல் செல்கிறது என்பது உறுதியானால் கண்ணியின் அளவும் உறுதியாகும்; இழுவிசையும் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் அடங்கி நிற்கும். தொழிலில் 480 கண்ணி வரிகளை ஓர் அலகாகக் கொள்வர். அந்த 480 வரிகளுக்கு ஓரிழை எத்தனை மில்லிமீற்றர் செல்கிறது என்பதே சீலையின் பிறப்புக்குறிப்பு எனலாம். மேற்காட்டிய உருளையிலிருந்து 480 வரிகளுக்கு 1500 மில்லிமீற்றர் நூல் செல்லுமாயின், நிறைந்த உருளை ஒருமுறை சுழலும். ஒரு வரிக்குப் போவது மூன்று மில்லிமீற்றரிலும் சற்றே அதிகம். சட்டங்கள் இரண்டாயின், இரண்டிற்கும் நூல் ஒரே அளவிற் போவதில்லை. பெரிதும் பின்னப்படும் ஒருவகைத் திறிக்கோச் சீலையில், பின்சட்டத்து இழைக்கு மூன்று பங்கு நூல் சென்றால், இரண்டு ஊசிகளைத் தாண்டிச் செல்லும் முன்சட்டத்து இழைக்கு நான்கு பங்கு அளவில் வேண்டும். இவ்விகிதம் பிறழ்ந்தால் கண்ணிகள் சாய்ந்து நிற்கும். சீலை தொடுவதற்குச் சொரசொரக்கும் அல்லது தொளதொளக்கும்.

உருளையை இயந்திரமே தன் வலுவினாற் சுழற்ற வேண்டும், அது மெலிய மெலியச் சுழற்சியின் வேகம் தானாகவே கூட வேண்டும். இதற்குப் பொறியியலார் வகுத்த முறை அழகியது. உருளையின் நூற்பரப்பின்மீது சிறு சில்லொன்று பதிந்து உருண்டுகொண்டிருக்கும். உண்மையில் எவ்வளவு நூல் வெளியேறுகிறது என்பதை அச்சில்லு அறிவிக்கும். வெளியேற வேண்டிய அளவை இயந்திரத்தின் தலைமை அச்சு மற்றொரு பக்கத்திலிருந்து அறிவிக்கும். இரண்டும் ஒரு புரியாணித் தண்டிலே சந்திக்கின்றன. இரண்டும் ஒத்திருக்கும்வரை தண்டு இடம்பெயராது. சில்லு பின்தங்கினால் தண்டு ஒருபக்கம் நகரும். நகரும்போது கூம்புருளையின் மீது ஓடும் வாரைத் தள்ளி உருளையின் வேகத்தைச் சிறிது கூட்டும். சில்லு முந்தினால் மறுபக்கம் நகர்ந்து வேகத்தைக் குறைக்கும். மனிதர் கையிடாமலே பிழை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஒழுங்கு இது. இக்காலத்து இயந்திரங்களில் ஒவ்வோர் உருளைத்தண்டிற்கும் தனித்தனி மின்மோட்டர் உண்டு. தொழிலாளி எண்ணைப் பதித்துவிட்டால், கணினி எஞ்சிய சுற்றுக்களைக் கணக்கிட்டு வேகத்தை மாற்றுகின்றது. கூம்பும் வாரும் போயின. அளந்து கொடு என்ற கட்டளை மட்டும் மாறவில்லை.

ஆனால் இவ்வளவும் பட்டக்கதையின் பாதியே. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. திடீரெனப் பட்டம் இழுக்கும்போது சிறுவனின் கை சற்று முன்னே நீளும். தொய்யும்போது பின்னே வரும். அவ்வாறு நெகிழாத கையில் நூல் அறுந்துவிடும். இயந்திரத்திலும் அப்படியே. நிமிடத்திற்கு 2400 வரிகள் பின்னும் இயந்திரத்தில் ஒரு வரிக்குக் கிடைக்கும் காலம் நொடியில் நாற்பதிலொரு பங்கு. அந்தக் கணத்திற்குள் துளைத்தகடுகள் ஊசிகளினிடையே புகுந்து, பக்கவாட்டில் நகர்ந்து, மீண்டு வர வேண்டும். ஒரு பொழுதில் நூல் வேகமாகத் தேவைப்படும். மறுபொழுதில் தேவையே இராது. உருளையோ ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டிற்கும் இடையே நின்று சமாதானம் செய்வது, எஃகு விற்றகடுகளின் மீது பொருத்திய ஓர் இலேசான சட்டம். இழைகள் யாவும் அதன்மேலாக வளைந்து செல்கின்றன. இழுப்பு மிகும்போது சட்டம் தாழ்ந்து நூலை விட்டுக்கொடுக்கும். தளரும்போது எழுந்து தொய்வை உண்டுவிடும். வில் மென்மையாயிருந்தால் சட்டம் துள்ளும். கடினமாயிருந்தால் இழை அறும். சட்டம் பாரமாயிருந்தால் அத்துணை வேகத்திற்கு ஈடுகொடுத்து எழவும் தாழவும் அதனால் இயலாது. ஆகையாலேயே வேகம் கூடக்கூட இச்சட்டத்தின் எடையைக் குறைப்பதிலே இயந்திரஞ் செய்வோர் மிகுந்த கவனஞ் செலுத்தினர்.

இவ்வளவு சிறந்த இயந்திரமும், தன்னிடம் வந்துசேரும் உருளை பிழையாகச் சுற்றப்பட்டிருந்தால் ஒன்றுஞ் செய்ய இயலாது நிற்கும். இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் குறை பிறக்கும் இடமும் குறை தெரியும் இடமும் இத்தொழிலில் வெகுதூரம் விலகியிருக்கின்றன. 84 அங்குல அகலத்திற்கு 21 அங்குல உருளைகள் நான்கு ஒரே தண்டிற் கோக்கப்படும். ஒவ்வொன்றிலும் 588 இழைகள். நான்கும் ஒன்றாகவே சுழலும். ஆகையால் நான்கின் பரிதியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். மூன்று உருளைகள் 150 சதமமீற்றர் பரிதியும் நான்காவது 151 சதமமீற்றரும் ஆயின், 480 வரிகளுக்கு நான்காவதிலிருந்து ஒரு சதமமீற்றர் நூல் மிகுதியாக வெளியேறும். 48,000 வரிகளில் அது ஒரு மீற்றராகும். சீலையின் காற்பகுதி மற்றப் பகுதிகளிலும் தளர்ந்திருக்கும்.

பரிதி ஒத்திருக்க வேண்டுமாயின் பாவோடும்போதே 588 இழைகளும் ஒத்த இழுவிசையில் வர வேண்டும். நூற்குழல்கள் அடுக்கிய சட்டகத்தின் கடைசி வரிசையிலிருந்து வரும் இழை நெடுந்தூரம் வருகின்றது. காற்றின் உராய்வும் துளைகளின் உராய்வும் அதற்கு அதிகம். முன்வரிசை இழைக்குக் குறைவு. எனவே பின்வரிசைக்குத் தடையைக் குறைத்தும் முன்வரிசைக்குக் கூட்டியும் சரிசெய்வர். மூன்று முனைகளுள்ள சிறு கருவியால் ஓடும் இழையைத் தொட்டு அதன் இழுவிசையை அளக்கலாம். இரு முனைகள் இழையைத் தாங்க, நடுமுனை எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை முள் காட்டும். நைலோன் வந்தபின் இக்கவனம் இன்னும் வேண்டியதாயிற்று. 1938ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அவ்விழை நீளும், நீண்டபின் மெல்லமெல்லச் சுருங்கும். பாவோடும்போது மிகையாக இழுத்துச் சுற்றிய இழை, பின்னி முடியும்வரை அமைதியாக இருந்துவிட்டு, சாயத் தொட்டியின் வெந்நீரிலே தன் பழைய இழுப்பை நினைவுகூரும். வெள்ளைச் சீலையிற் கண்ணுக்குத் தோன்றாத கோடு நீலச் சாயத்தில் எழுந்து நிற்கும். பழியைச் சாயகாரர் சுமப்பார். அவர் பின்னியவரைச் சுட்டுவார். பாவோடியவரிடம் அவ்வினா சென்றுசேரும்போது அந்த உருளை எப்போதோ தீர்ந்து போயிருக்கும். ஆகையால், எவ்வுருளை எந்நாளில் எந்தச் சட்டகத்தில் ஓடியது, எத்தனை சுற்று, பரிதி யாது என எழுதிவைக்கும் குறிப்பேடு ஒரு நல்ல தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு நிகரான மதிப்புடையது.

இவற்றிலும் கடினமானது ஒன்று எஞ்சியுள்ளது. இழை அறுந்ததும் இயந்திரம் நின்றுவிடும். தொழிலாளி முடிந்துவிட்டு மீண்டும் ஓடவிடுவார். நின்ற இடத்தில் சீலைக்குக் குறுக்கே மெல்லிய கோடொன்று தோன்றுவதுண்டு. நிற்கும் நேரத்தில் இழைகள் தம் இழுப்பை மெல்ல இழக்கின்றன. ஓடத் தொடங்கும்போதோ பாரமான உருளை உடனே வேகம் கொள்வதில்லை, இலேசான ஊசிகள் கொண்டுவிடுகின்றன. அந்தச் சில வரிகளுக்கு நூற்கணக்குப் பிழைக்கின்றது. இக்காலத்து மின்மோட்டர்கள் புறப்படும் முன்னரே உருளையைச் சிறிதளவு பின்னுக்கோ முன்னுக்கோ திருப்பி இழுவிசையைச் சரிசெய்துகொள்ளும். எவ்வளவு திருப்புவது என்பது நூலுக்கு நூல் வேறுபடும். இயந்திரம் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு புதிய நூலுக்கும் தொழிலாளி சில முறை நிறுத்தி, ஓடவிட்டு, சீலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தே அந்த எண்ணை முடிவுசெய்கிறார்.