கார் முதல்ல... வீடு அப்புறமா? நாமக்கல் லாரிக் கணக்கு சொல்லித்தரும் பாடம்!

வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். கையில் 60,000 ரூபாய் சம்பளம். ஷோரூம்ல கூப்பிட்டு, "டவுன் பேமென்ட் மூன்றரை லட்சம் ரெடி பண்ணுங்க சார், மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார்கள். வீட்டில் அம்மா, "முதல்ல ஒரு இடத்தை வாங்கிப் போடுப்பா" என்கிறார். "பொண்ணு பார்க்கப் போறப்போ வாசல்ல கார் நின்னா ஒரு மரியாதை" என்கிறார் மாமா. சேலம், நாமக்கல் பக்கம் இருபதுகளின் கடைசியில் நிற்கிற பலருக்கும் இது தெரிந்த கதைதான்.

காரா, வீடா என்று கேட்டால் பெரும்பாலும் உணர்ச்சியில்தான் பதில் வரும். கணக்கில் பதில் தேடணும்னா வெளியூர் போக வேண்டாம். லாரிக்கு பாடி கட்டுவதில் இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய ஊர் நாமக்கல். பக்கத்திலேயே சங்ககிரி லாரிகள், திருச்செங்கோடு ரிக் வண்டிகள். வண்டி வாங்கிப் பிழைப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

லாரிக்காரர் கேட்கிற மூணு கேள்வி

ஒரு லாரி வாங்கும் முன் என்ன பேசுவார்கள்? மாசம் எத்தனை நடை ஓடும்? டீசல், டிரைவர் படி, டோல், டயர் எல்லாம் போக டியூ கட்ட மிஞ்சுமா? நாலு வருஷம் கழித்து விற்றால் என்ன விலைக்குப் போகும்? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் சேசிஸ் புக் பண்ணுவார்கள்.

அதே கேள்விகளைச் சொந்த உபயோகத்துக்கான காரிடம் கேட்டுப் பாருங்க. நடை வருமானம் கிடையாது. டியூவை உங்க சம்பளம்தான் கட்டணும். மூணாவது கேள்விக்கு மட்டும் ஒரு பதில் உண்டு. ஆனால், அது அவ்வளவு இனிப்பாக இருக்காது.

கார் வாங்குவது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. கார் ஒரு செலவு. செலவை செலவு என்று தெரிந்தே செய்யலாம். "சொத்து சேர்க்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு செய்வதில்தான் சிக்கல்.

15 லட்சம் காரின் உண்மையான விலை

ஷோரூம் விலை 15 லட்சம் என்று வெச்சுக்குவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான வாழ்நாள் வரி மாற்றப்பட்டது. 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. நம்ம காருக்கு 18% என்றால் 2.70 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டுவதால் 1% டி.சி.எஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், வாங்கும்போது பணம் கையிலிருந்துதான் போகும். இன்ஷூரன்ஸும் இதர கட்டணங்களும் சேர்ந்தால் வண்டி ரோட்டுக்கு வரும்போது சுமார் 18.50 லட்சம்.

இதில் 3.50 லட்சம் நீங்கள் கட்டி, 15 லட்சம் கடன் வாங்குகிறீர்கள். 9% வட்டி, 7 வருஷம் என்றால் இ.எம்.ஐ சுமார் 24,130 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 5.27 லட்சம்.

மாசம் 1,000 கி.மீ ஓட்டினால், லிட்டருக்கு 15 கி.மீ மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 6,700 ரூபாய். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் மாசத்துக்குப் பிரித்தால் ஒரு 4,000. ஆக, மாசம் கிட்டத்தட்ட 34,800 ரூபாய். 60,000 சம்பளத்தில் பாதிக்கு மேல் காருக்கே போய்விடுகிறது.

மூணு வருஷம் கழித்து...

இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பை 'ஐ.டி.வி' என்பார்கள். வண்டி திருடு போனாலோ, முழுசா சேதமானாலோ அதிகபட்சம் கிடைக்கிற தொகை இது. இதற்கென்று ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. 3 வருஷம் முடிந்து நாலாவது வருஷத்தில் இருக்கிற காருக்கு 40% கழிவு. நாலு முடிந்து அஞ்சாவது வருஷத்தில் 50%.

அதன்படி, மூணு வருஷம் ஓடிய நம்ம 15 லட்சம் காரின் ஐ.டி.வி 9 லட்சம். அந்த நேரத்தில் கடன் பாக்கி எவ்வளவு தெரியுமா? சுமார் 9.70 லட்சம்! 36 மாசம் ஒழுங்காக டியூ கட்டியிருப்பீர்கள். இருந்தும், வண்டி தொலைந்துபோனால் இன்ஷூரன்ஸ் பணம் முழுசா வந்தாலும் கைக்காசு 70,000 ரூபாய் போட்டுத்தான் கடனை முடிக்கணும். கடன் காலம் நீள நீள இந்த ஆபத்து அதிகமாகும். "7 வருஷம் போட்டுக்கலாம் சார், இ.எம்.ஐ கம்மியா வரும்" என்று சொல்லும்போது யாரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

வீட்டுக்கடனைத் தின்னும் கார் இ.எம்.ஐ

இதுதான் முக்கியமான இடம். வீட்டுக்கடன் கேட்டுப் போனால், வங்கி முதலில் உங்க சம்பளத்தில் எவ்வளவு இ.எம்.ஐ-க்குப் போகலாம் என்று பார்க்கும். வங்கிக்கு வங்கி இது மாறும். பாதி என்று எடுத்துக்கொண்டால், 60,000 சம்பளத்துக்கு 30,000 ரூபாய். ஏற்கெனவே ஓடுகிற கடன்களின் இ.எம்.ஐ-யை அதிலிருந்துதான் கழிப்பார்கள்.

8% வட்டி, 20 வருஷ வீட்டுக்கடனில் ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ சுமார் 836 ரூபாய். இப்போ மூணு பேரின் கணக்கைப் பாருங்க. மூவருக்கும் ஒரே சம்பளம்.

• கார் கடன் இல்லாதவர்: 30,000 ரூபாயும் வீட்டுக்குக் கிடைக்கும். கடன் தகுதி சுமார் 35.80 லட்சம்.

• சின்ன கார் வாங்கியவர்: 6 லட்சம் கடன், 5 வருஷம், 9% வட்டி. இ.எம்.ஐ சுமார் 12,450. வீட்டுக்கடன் தகுதி சுமார் 21 லட்சம்.

• 15 லட்சம் கார் கடன் வாங்கியவர்: இ.எம்.ஐ 24,130 போக மிச்சம் 5,870. வீட்டுக்கடன் தகுதி சுமார் 7 லட்சம்.

15 லட்சம் கார் கடன், கிட்டத்தட்ட 29 லட்சம் வீட்டுக்கடன் தகுதியைச் சாப்பிட்டுவிடுகிறது. கார் கடனைக் குறுகிய காலத்தில் கட்டுகிறோம், வீட்டுக்கடனை 20 வருஷத்துக்குப் பரப்புகிறோம். அதனால்தான் ஒரே இ.எம்.ஐ தொகை வீட்டுப் பக்கம் போனால் பெரிய கடனாக மாறுகிறது. கார் கடன் முடிந்ததும் தகுதி திரும்ப வந்துவிடும். ஆனால், அதற்குள் வயது ஏழு கூடியிருக்கும். இடத்தின் விலை அங்கேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது கைக்காசு. வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90%, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80% தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 32 லட்சம் கடன் வாங்கினால், 8 லட்சம் நீங்கள் போடணும். கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. பத்திர மதிப்பு 40 லட்சம் என்றால் இது மட்டும் 3.60 லட்சம். இதை வங்கி கடனில் சேர்க்காது. ஆக, 11.60 லட்சம் கையில் இருக்கணும். ஷோரூமில் கட்டிய அந்த மூன்றரை லட்சம், பத்திரச் செலவுக்கு அப்படியே சரியாக இருந்திருக்கும்!

டவுன் பேமென்ட்டுக்கு ஏலச்சீட்டு எடுப்பது நம்ம பக்கம் சகஜம். சீட்டு எடுத்த பிறகும் மாசத் தவணை ஓடும். வங்கியின் கணக்கில் அது தெரியாமல் போகலாம், உங்க பர்ஸுக்குத் தெரியும். கார் டியூ ஒண்ணு, சீட்டுத் தவணை ஒண்ணு என்று ரெண்டு பக்கமும் இழுக்கும்.

"பிசினஸ் கணக்குல வாங்கினா வரி மிச்சம்தானே?"

கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, லாரி ஆபீஸ் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்கள் நிறைந்த பகுதி இது. அதனால் இந்தக் கேள்வியும் அடிக்கடி வரும்.

தொழிலுக்குப் பயன்படுத்தும் காருக்கு வருமான வரியில் வருஷம் 15% தேய்மானம் உண்டு. 15 லட்சம் காருக்கு முதல் வருஷம் 2.25 லட்சம். நீங்கள் 30% வரி கட்டுபவராக இருந்தால் மிச்சமாவது 67,500 ரூபாய். ஒரு ரூபாய் செலவழித்தால் அதில் 30 பைசா திரும்ப வருகிறது, 70 பைசா போனது போனதுதான். இன்னொண்ணு... வாடகைக்கு ஓடுகிற லாரிக்குத் தேய்மானம் 30%. லாரிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி-யை வரி வரவாக எடுக்கவும் வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு அந்த வழி கிடையாது. சம்பாதிக்கிற வண்டி எது, செலவு வைக்கிற வண்டி எது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

அப்போ உடனே வீடு வாங்கிடணுமா?

அதுவும் அவசியமில்லை. 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு மாச வாடகை 10,000 என்றால், வருஷத்துக்கு 1.20 லட்சம். வீட்டு மதிப்பில் வெறும் 3%. அதே வீட்டை 32 லட்சம் கடனில் வாங்கினால் இ.எம்.ஐ சுமார் 26,800. வேலை மாற வாய்ப்பு இருக்கிறது, ஊர் இன்னும் முடிவாகவில்லை என்றால் வாடகையில் இருப்பது கேவலம் இல்லை. மிச்சமாகிற பணம் சேமிப்புக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. மாசம் 24,000 ரூபாயை 7% வட்டியில் 7 வருஷம் சேர்த்தால், வரிக்கு முன் சுமார் 25.90 லட்சம் கையில் இருக்கும்.

வீட்டுக்கடனுக்கு வரிச்சலுகை என்ற பேச்சிலும் ஒரு திருத்தம் தேவை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கிடைக்கும் கழிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் அது இல்லை.

இடம் வாங்குவதாக இருந்தாலும் "விலை ஏறும்" என்ற ஒற்றை நம்பிக்கையில் இறங்காதீங்க. மனைக்கு டி.டி.சி.பி அங்கீகாரம் இருக்கா, வில்லங்கச் சான்று சுத்தமா, பட்டா யார் பெயரில் என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

எந்த வரிசையில் போகலாம்?

1. ஆறு மாசச் செலவுக்கான பணம், குடும்பத்துக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், சம்பாதிப்பவருக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ். நகைக்கடன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடைப்பது.

2. அடுத்த அஞ்சு வருஷத்துக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், பெரிய கார் கடனுக்குப் போகாமல் தகுதியையும் கைக்காசையும் காப்பாற்றி வைப்பது.

3. வயசான அப்பா அம்மா, சின்னக் குழந்தை, பஸ் சரியாக வராத கிராமம்... இப்படிக் கார் நிஜமாகவே தேவை என்றால் தாராளமாக வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் அல்லது சின்ன கார் போதுமா என்று பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் உள்ள சின்ன கார்களுக்கு (பெட்ரோல் 1200 சிசி வரை, டீசல் 1500 சிசி வரை) ஜி.எஸ்.டி 18% ஆகக் குறைந்திருக்கிறது. பெரிய கார்களுக்கு 40%. வாழ்நாள் வரியிலும் 10 லட்சத்துக்குள் நின்றால் லாபம். 9.90 லட்சம் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.50 லட்சம் காருக்கு 1.89 லட்சம். விலையில் 60,000 கூடினால் வரியிலும் 60,000 கூடுகிறது.

4. கடன் காலம் 4, 5 வருஷத்தைத் தாண்ட வேண்டாம். அந்த இ.எம்.ஐ கட்ட முடியவில்லை என்றால், அந்த கார் இப்போதைக்கு நம்ம ரேஞ்ச் இல்லை என்று அர்த்தம்.

5. வீட்டுக்கடனில் டாப்-அப் எடுத்து கார் வாங்காதீங்க. 10 லட்சத்தை 8% வட்டியில் 20 வருஷத்துக்கு எடுத்தால் இ.எம்.ஐ 8,360 தான், ஆசையாகத்தான் இருக்கும். மொத்தமாகக் கட்டுவது 20 லட்சம். காரின் ஆர்.சி 15 வருஷத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்புறமும் அஞ்சு வருஷம் டியூ கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

புக்கிங் பணம் கட்டும் முன் ஒரு ஒத்திகை பார்க்கலாம். கார் வாங்கிவிட்டதாகவே நினைத்து இ.எம்.ஐ, பெட்ரோல், பராமரிப்பு மூன்றுக்கும் சேர்த்து வரும் தொகையை ஆறு மாசம் தனி அக்கவுன்ட்டில் போட்டுக்கொண்டே வாங்க. சிரமம் இல்லாமல் ஓடினால், டவுன் பேமென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் சேர்ந்திருக்கும். மூணாவது மாசமே மூச்சு முட்டினால், ஒரு ரூபாய் நட்டம் இல்லாமல் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.