வெள்ளத்தின் வழியில் எழும் வீடுகள்

தென்சீனாவின் முத்து நதிக் கழிமுகத்தில் உள்ள ஷென்சென், 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பகுதியில் பெரும்பாலும் வயல்களும் மீன்குட்டைகளும்தான் இருந்தன. இன்று அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பேர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், பச்சை நிறம் ஒடுங்க ஒடுங்கக் கான்கிரீட் கடலை நெருங்குவது தெரியும்.

நிலம் கட்டடமாக மாறும் இந்தக் கணக்கை உலகம் முழுவதற்கும் எடுத்திருக்கிறது ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம். 1985 முதல் 2015 வரை, எந்த நிலத்தில் எந்த ஆண்டு கட்டடம் வந்தது என்பதை 30 மீட்டர் கட்டங்களாகக் காட்டும் வரைபடம் அது. ஒவ்வொரு லேண்ட்சாட் படமும் பல நூறு டாலருக்கு விற்ற காலத்தில் இந்த வேலை நடந்திருக்காது. 2008-இல் அமெரிக்கா தன் லேண்ட்சாட் படக் களஞ்சியத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பொதுப்பணத்தில் சேர்த்த அறிவைப் பொதுமக்களுக்கே கொடுத்த அருமையான முடிவு!

ஆனால் படம் கிடைத்தால் மட்டும் போதாது. வறண்ட ஆற்றுமணலும் வெற்றுப் பாறையும் விண்ணிலிருந்து பார்க்கக் கான்கிரீட்போலவே இருக்கும். மண்வீடுகளோ சுற்றியுள்ள மண்ணோடு கலந்துவிடும். எனவே ஒரே படத்தை நம்பாமல், நீண்ட காலப் படங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வயல் உழவில் ஒரு நிறம், விளைச்சலில் ஒரு நிறம், அறுவடைக்குப் பின் வேறொரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும், கூரை மாறாது. ரேடார் படங்கள் இன்னொரு சாட்சி. சுவரிலும் தரையிலும் பட்டு அலை வலுவாகத் திரும்புவதால், மேகம் மூடியிருந்தாலும் இரவானாலும் கட்டடம் காட்டிக்கொடுத்துவிடும். 2015-இன் நிலவரத்தை இப்படி உறுதிசெய்துகொண்டு, அதிலிருந்து ஆண்டாண்டாகப் பின்னோக்கி நடந்தார்கள். இடையில் இடித்து அகற்றப்பட்ட குடியிருப்புகள் இந்த முறையில் விடுபட்டுப்போகும் என்பது ஒரு குறை.

இந்த வரைபடத்தின்மேல் வெள்ள அபாய வரைபடத்தை வைத்துப் பார்த்தார்கள் உலக வங்கி ஆய்வாளர்கள். 2023-இல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களது கட்டுரை, கவலைப்படவேண்டிய ஒன்றைச் சொன்னது. முப்பது ஆண்டுகளில் உலகின் குடியிருப்புப் பரப்பு சுமார் 85 சதவீதம் பெருகி, 12.8 லட்சம் சதுர கிலோமீட்டரை எட்டியிருக்கிறது. கிட்டத்தட்டப் பத்துத் தமிழ்நாடு. ஆனால் வெள்ள அபாயம் மிகமிக அதிகமான இடங்களில் மட்டும் அது 122 சதவீதம் பெருகியிருக்கிறது.

அதாவது, தண்ணீருக்கு உரிய தாழ்நிலத்தை நோக்கித்தான் ஊர்கள் வேகமாக நகர்கின்றன. மேடான நிலம் தீர்ந்துபோனது ஒரு காரணம். எஞ்சிய பள்ளம் மலிவாகக் கிடைப்பது இன்னொன்று. இதில் குடியேறும் ஏழைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கட்ட அனுமதி தருகிற இடத்தில்தான் கேள்வி எழவேண்டும்.

1984 முதலான படங்களைக் 'கூகுள் எர்த்' டைம்லேப்ஸில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த இடத்தில் அப்போது என்ன இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.