சொல்லும் முறையும் சுட்டும் முறையும்



கணிப்பொறியிடம் வேலை வாங்குவதற்கு இரு வழிகள் உண்டு. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டிச் சொல்வது ஒன்று. திரையில் தோன்றும் படத்தைச் சுட்டி அழுத்துவது மற்றொன்று. முன்னதைக் கட்டளை முறை என்றும், பின்னதைப் பட முறை என்றும் வழங்கலாம். பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று பெற்றோர் என்னைக் கேட்பதுண்டு.

கட்டளை முறையே மூத்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ் அம்முறையிலேயே இயங்கிற்று. பட முறையோ 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோவில் உருப்பெற்று, 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியால் பொதுமக்களிடையே பரவலாயிற்று.

இவற்றின் வேறுபாட்டை வகுப்பறையைக் கொண்டே விளக்கலாம். நான்கு விடைகளைக் கொடுத்துச் ‘சரியானதைத் தேர்ந்தெடு’ என்றால் மாணவர் பலர் தேறிவிடுவர். ‘விடை எழுது’ என்றால் அவர்களுள் சிலர் விழிப்பர். கண்டதை அறிதல் எளிது. காணாததை நினைவுகூர்ந்து உரைத்தல் அரிது. பட முறை முதல் வினாவைப் போன்றது. கட்டளை முறை இரண்டாவதைப் போன்றது.

எளிமை சிறு நன்மையன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. பூந்தமல்லிப் பக்கத்தில், அதற்குமுன் கணிப்பொறியைத் தொட்டறியாத பிள்ளைகள் அதை அஞ்சாமல் இயக்கக் கண்டேன். ஆங்கிலச் சொற்களாலான கட்டளைகள் மட்டுமே இருந்திருப்பின், அவர்களுள் பலர் வாயிலிலேயே நின்றிருப்பர்.

ஆயினும், 200 நிழற்படங்களின் பெயர்களை மாற்ற வேண்டுமானால், ஒவ்வொன்றாய்ச் சுட்டுவோர் களைத்துப் போவர். கட்டளை அறிந்தவர் ஒரே வரியில் முடிப்பார். இவ்வாற்றலில் இடரும் உண்டு. லினக்ஸில் அழிக்கும் கட்டளையைத் தட்டினால், கோப்பு குப்பைத்தொட்டியில் தங்காது, உடனே நீங்கிவிடும். ஆகவே, சொல்லுமுன் எண்ணும் பழக்கத்தைக் கட்டளை முறை வற்புறுத்துகிறது.

இது ஏட்டுக்கல்வி மட்டுமன்று, பிழைப்புக்கும் உரியது. 1964-இல் அமைந்த எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வோம். இத்தகைய இடங்களில் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரம் எழுத்தும் எண்ணும் கலந்த வரிகளுக்கே பணிகிறது. ‘ஜி 01’ என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல் என்பது பொருள். ‘எம் 30’ என்றால் வேலை முடிந்தது என்பது பொருள். ஓர் எண் பிழைத்தால் உளி மோதி முறியவும் கூடும். இன்று திரையில் படம் வரைந்தாலே அவ்வரிகளை எழுதித் தரும் மென்பொருள்கள் உள்ளன. எனினும், பிழை நேர்ந்தவிடத்து, வரியைப் படிக்கத் தெரிந்தவரே அதைத் திருத்த வல்லவர். பொத்தான் மட்டும் அழுத்தத் தெரிந்தவர் அவர் வரவுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

எனவே, பெற்றோரே, படத்தில் தொடங்குங்கள், அதிலேயே நின்றுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்கு நாளொரு கட்டளையாகக் கற்பியுங்கள். முதலில் அதன் பொருளைத் தமிழில் சொல்லச் செய்து, பின்னர்த் தட்டச் செய்யுங்கள். பொருளுணர்ந்து இடும் கட்டளை பிள்ளையின் நினைவை விட்டு எளிதில் அகலாது.