படைச் செலவும் மானாவாரி நிலமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்வோர் வழியெங்கும் காண்பது மானாவாரிக் கரிசலும், சீமைக் கருவேலம் படர்ந்த கண்மாய்களுமே. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் இங்குள்ள குடும்பத்தைத் தாங்குபவை கரிமூட்டமும், வெளியூர்க் கூலியும், மகன் ஒருவன் படையில் இருப்பானாகில் அவன் அனுப்பும் பணமும் ஆகும். ஆகவே, படைச் செலவு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குத் துணையா, தடையா என்னும் வினா இவ்வட்டாரத்தாருக்குத் தொலைவானதன்று.

1973-இல் எமில் பெனாய்ட் என்னும் அமெரிக்கப் பொருளியலார், வளரும் நாடுகள் 44-இன் கணக்குகளை ஆராய்ந்து, படைக்கு மிகுதியாகச் செலவிட்ட நாடுகளே விரைந்து வளர்ந்தன என்றார். அவருக்கே அது எதிர்பாராத முடிவு. ஆனால் அந்நாடுகளுட் பல அயலுதவியும் மிகுதியாகப் பெற்றவை. 1983-இல் டெகர், ஸ்மித் என்னும் இருவர், படைச் செலவு நாட்டின் சேமிப்பைக் குறைத்து, அதன் வழியே வளர்ச்சியையும் குறைக்கிறது எனக் காட்டினர்.

நம் நாட்டு அனுபவம் யாது? 1962-இன் சீனப் போருக்குப் பின் தேசிய வருமானத்தில் படைச் செலவின் பங்கு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1965-இல் பாகிஸ்தானுடன் போர். அமெரிக்க உதவி நின்றது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வறட்சி. வானம் பொய்த்ததற்குப் பீரங்கியைக் குறைகூறுதல் நேர்மையன்று. எனினும் வறட்சியைத் தாங்குவதற்குரிய முதல் கையில் இல்லாமற் போயிற்று. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் 5.6 விழுக்காட்டு வளர்ச்சியை நாடி, அதிற் பாதியளவே எட்டியது. 1966 ஜூனில் டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. அவ்வாண்டே தொடங்கவேண்டிய நான்காம் திட்டம் 1969 வரை காத்திருந்தது. திட்டம் ஒத்திப்போடப்படும்போது முதலில் காத்திருக்க நேர்வது, ஆற்றுப்பாசனம் இல்லாத இத்தகைய நிலமே என்பது நம் கருத்து.

எல்லையைக் காவாது விட்டுவிடலாம் என நாம் சொல்லவில்லை. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியம் மட்டும் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி. அப்பணம் சிற்றூர்களில் வீடாகவும், பிள்ளைகளின் படிப்பாகவும் மாறுகிறது. ஆயினும் அது ஒரு குடும்பத்தின் நுகர்வைத் தாங்குமேயன்றி, ஊர்க் கண்மாயின் மடையைச் செப்பனிடாது.

2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில், சேர்வோருள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதோரே நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் படையில் நீடிப்பர். ஏனையோர் ஒரு தொகையுடன் திரும்புவர், ஓய்வூதியம் இல்லை. திருச்சுழிப் பக்கத்து இளைஞன் ஒருவன் அவ்வாறு திரும்பும்போது அவன் இன்னும் இருபதுகளிலேயே இருப்பான். அவன் தந்தையின் நிலமோ இன்னும் மழையை நோக்கியே கிடக்கும்.